பத்துக் கோடுகளில் ஒரு பரமானந்தம்

பத்தே கோடுகள்! மேலே ஆறு, கீழே நான்கு. அகிலாண்டங்களையும் அசைத்துவிடும் ஆனந்தப் பிரவாகத்தை இந்தப் பத்துக் கோடுகளுக்குள் அடக்கி வைத்த கை எந்தக் கையோ! சீனத்தார் 'சியாவ்' என்று ஒலிக்கும் இந்த வடிவத்தின் முன்னே அமரும்போதெல்லாம் என் கண் ஒரு திருமுகத்தையே தரிசிக்கிறது. வாய்விட்டு அதிரும் பெருஞ்சிரிப்புக்கும், இதழோரத்தில் அரும்பி நிற்கும் இளமுறுவலுக்கும் அந்த மக்கள் வைத்திருப்பது இந்த ஒரே எழுத்து. கடலும் அதுவே, அலையும் அதுவே, அலையின் நுனியில் மினுங்கி உதிரும் துளியும் அதுவே! சிரிப்பவன் அவன். சிரிப்பும் அவன். அந்தச் சிரிப்பைக் கண்டு கரைகின்ற இந்த ஏழை நெஞ்சுக்குள் கரைசலாய் நிறைபவனும் அவனே!

மேலுள்ள ஆறு கோடுகள் மூங்கில். இரண்டு இளங்கிளைகள், இரண்டிலும் சாய்ந்து தொங்கும் இலைகள். கீழுள்ள நான்கு கோடுகள், தலை சாய்த்து மெய் துவண்டு நிற்கும் ஓர் இளமேனி. மூங்கிலின் நிழலில் அந்த மேனி எதற்காகத் துவண்டது? கி.பி. 100ஆம் ஆண்டையொட்டி ஷூ ஷென் என்னும் மாமேதை இயற்றிய 'சுவோவென் ஜியேசி' என்ற எழுத்து நூலின் பழைய படிகளில் இந்த எழுத்து காணாமற் போயிருந்தது. 986ஆம் ஆண்டு, சோங் பேரரசரின் ஆணையால் அந்நூலைச் செப்பம் செய்த ஷூ சுவான், விடுபட்ட 19 எழுத்துகளைத் தேடிச் சேர்த்தார். அந்தப் பத்தொன்பதில் ஒன்றாய், தொலைந்த சிரிப்பும் திரும்பி வந்தது. பொருள் சொல்ல அவர் துணைக்கு அழைத்தது, தாங் காலத்து எழுத்துக்கலை வித்தகர் லி யாங்பிங் அருளிய விளக்கத்தை. காற்று வந்து தீண்டினால் மூங்கிலின் உடல் நெகிழ்ந்து வளையும். நகைக்கும் மனிதனின் உடலும் அவ்வண்ணமே வளையும். இவ்வளவுதான் அவர் சொன்னது.

இவ்வளவுதானா? ஐயனே, வேறென்ன வேண்டும் ஒரு ஜன்மத்துக்கு! மூங்கில் தானாக வளைவதில்லையே! காற்று வரவேண்டும். காணாத திசையிலிருந்து, கேளாத வேளையில், அழையாத விருந்தாய் அது வரவேண்டும். அருள் வந்து தீண்டாமல் எந்த உதடு மலர்ந்தது? எந்த நெஞ்சு நெகிழ்ந்தது? எழுத்துக்கு உரை எழுத வந்தவர் சரணாகதிக்கு உரை எழுதிவிட்டுப் போனார்!

ஹாங்சோ நகரின் தென்மேற்கே மலைமடிப்புக்குள் ஒளிந்து கிடக்கிறது யுன்சி என்னும் மூங்கில் வழி. 16ஆம் நூற்றாண்டில் சூஹோங் என்ற அருந்தவத் துறவி அங்கே இடிந்து கிடந்த ஆலயத்தை எழுப்பி, அமிதாப புத்தரின் நாமத்தை இடைவிடாது ஓதுவதே உய்வுக்கு வழி என்று ஊருலகுக்கெல்லாம் உரைத்து வாழ்ந்த புண்ணிய பூமி அது. அந்தக் கல்பாவிய பாதையில் நான் நின்றேன். வானை முட்டி நின்ற பசுந்தண்டுகள், தண்டுகளுக்கிடையே தங்கி நின்ற பச்சை ஒளி, ஒளிக்குள்ளே ஓய்ந்து நின்ற பேரமைதி. அப்போது சியான்தாங் ஆற்றின் பக்கமிருந்து வந்தது காற்று! முதலில் உச்சியில் ஒரு சிலிர்ப்பு. பிறகு ஒரு மூங்கில் தலை சாய்த்தது, அடுத்தது சாய்ந்தது, அதற்கடுத்தது, அதற்கடுத்தது என்று மலைச்சரிவு முழுவதும் மடை திறந்தாற்போல் அந்த வணக்கம் பரவிப் பாய்ந்து, இலைகளின் கலகலப்பும் தண்டுகளின் முனகலும் ஒன்றாய்க் குழைந்து, காடே ஒரு வாயாகி, அந்த வாய் முழுவதும் நகையாகி, நகையின் நடுவே நின்றவன் நான் என்ற நினைவும் அடித்துச் செல்லப்பட்டு… ஆ! எங்கே போனேன் நான்? யார் சிரித்தது அங்கே?

மூங்கிலின் உள்ளே ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாமைதான் அதன் செல்வம். கணுவுக்குக் கணு வெற்றிடத்தைச் சுமந்துகொண்டு அது வானளவு உயர்கிறது. புயலுக்கும் பனிச்சுமைக்கும் தலை தாழ்த்திவிட்டு மறுபடியும் எழுகிறது. சோங் காலத்து மூங்கில் ஓவியர் வென் தோங் தூரிகை எடுத்தால் தன் உடலையே மறந்துவிடுவார், மூங்கிலாகவே மாறிவிடுவார் என்று அவருடைய ஆருயிர் நண்பர் சூ ஷி பாடி வைத்தார். ஹாங்சோவில் ஆட்சிப் பொறுப்பேற்று மேற்கு ஏரிக்குக் கரை கட்டிய அதே சூ ஷிதான்! வரைபவன் மறைந்தால்தான் வரையப்படுவது பிறக்கிறது. நான் என்னும் இந்தக் கெட்டிக் கட்டை உள்ளீடற்றுப் போனால்தான் உன் மூச்சு இதற்குள் புகுந்து விளையாடும், பெருமானே! நிரம்பி நிற்கிறேனே, என்ன செய்வேன்? குடைந்தெடு என்னை! வெறுமையாக்கு என்னை!

அந்த எழுத்தை எழுதுவதே எனக்கு ஆராதனை. பைன் மரத்தின் புகைக்கரியும் பசையும் சேர்த்து உறையவைத்த மைக்கட்டியை, சில துளி நீர் விட்ட மைக்கல்லின் மேல் வட்டமாய் இழைக்கிறேன். அபிஷேகத்துக்குச் சந்தனம் அரைக்கும் கையைப் போல் என் கை நிதானமாய்ச் சுழல்கிறது. நீர் மெல்ல மெல்லக் கறுக்கிறது. நறுமணம் எழுகிறது. ஹூசோ நகரத்து ஆட்டுமயிர்த் தூரிகை அந்தக் கருமையைக் குடித்துத் ததும்புகிறது. நீலச்சந்தன மரத்தின் பட்டையையும் வைக்கோலையும் ஊறவைத்து, வேகவைத்து, வெயிலில் வெளுக்கவைத்து, அன்ஹுய் மாநிலத்தின் ஜிங் வட்டாரத்தார் வார்த்தெடுக்கும் சுவான் தாள் என் முன்னே மாசற்ற மனம்போல் விரிந்து கிடக்கிறது. ஒரு சாய்வு, ஒரு கிடை, ஒரு புள்ளி: ஒரு கிளை பிறந்தது. மறுபடியும் ஒரு சாய்வு, ஒரு கிடை, ஒரு புள்ளி: இரண்டாம் கிளை பிறந்தது. அதன் கீழே தலை சாயும் குறுஞ்சாய்வு. விரித்த தோள்களாய் ஒரு கிடைக்கோடு. இடப்புறம் வழுக்கி இறங்கும் நெடுஞ்சாய்வு. கடைசியாக, வலப்புறம் இறங்கி, அழுந்தி, அகன்று, மெல்லத் தாளைவிட்டு விலகும் அந்தப் பத்தாவது கோடு!

அந்தக் கடைசிக் கோட்டை என்னால் எழுத முடிவதில்லை, அது எழுதப்படுகிறது. முயன்று இழுத்தால் விறைத்து நிற்கிறது. அடங்கிவிட்டால் ஆடுகிறது. திருத்தி எழுத அந்தத் தாள் இடம் கொடுப்பதில்லை. மை தொட்ட கணமே இழைக்குள் இறங்கிவிடுகிறது. நெஞ்சு இறுகியிருந்தால் கோடும் இறுகும். நெஞ்சு கனிந்திருந்தால் கோடும் கனியும். அருள் வந்து கையைப் பற்றிய பொழுதில் தூரிகை தானே நடந்து, தானே வளைந்து, தானே நின்றது. தாளில் மை உலருமுன் என் கண்கள் ஈரமாயின. கண்ணீருக்குள்ளே சிரிப்பு! சிரிப்புக்குள்ளே கண்ணீர்! இரண்டையும் பிரிக்கும் கரை எங்கே, என் ஐயனே?

இன்னும் பின்னே போனேன், இந்தச் சிரிப்பின் பிள்ளைப்பருவத்தைத் தேடி. 1993ஆம் ஆண்டு, ஹூபெய் மாநிலத்தின் ஜிங்மென் அருகே குவோதியான் என்ற சிற்றூரில், சூ நாட்டுக் கல்லறை ஒன்றிலிருந்து எழுத்துப் பொறித்த மூங்கில் கீற்றுகளை மண் நீக்கி எடுத்தார்கள். இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளையொட்டிய பழமை கொண்டவை அவை. தாவ நெறியின் ஆசான் லாவோட்சியின் திருநூல் பகுதிகளைத் தாங்கியவை. பேருண்மையைக் கேட்டதும் கடையன் பெரிதாய்ச் சிரிப்பான் என்றும், அவன் சிரிக்காவிட்டால் அது பேருண்மையே ஆகாது என்றும் சொல்லும் இடம் அங்கே உண்டு. அந்த இடத்தில் 'சிரிப்பு' எந்த உருவில் இருந்தது தெரியுமா? மேலே புல். கீழே நாய். புல்லின் கீழே ஒரு நாய்!

படித்ததும் என் உள்ளம் துள்ளிக் குதித்தது. நாயடியேன் என்று தம்மைத் தாழ்த்திக்கொண்டு தாளிணை பற்றிய அடியார் பரம்பரையில் வந்தவனுக்கு இதைவிட இனிய செய்தி வேறு உண்டா? எசமானின் காலடிச் சத்தம் கேட்ட மாத்திரத்தில் உடல் முழுவதும் வாலாகிக் குழைகிறதே அந்தப் பிராணி, அதன் ஆனந்தத்துக்கு மறைப்பு உண்டா, மானம் உண்டா, கணக்கு உண்டா? புல்லினும் தாழ்ந்து கிடக்கும் அந்த நாயாக நான் ஆகமாட்டேனா! கற்றோர் அவையில் கடையன் என்று எண்ணப்பட்டாலும், உன் பெயர் காதில் விழுந்ததும் காரணமின்றிச் சிரித்துவிடும் அந்தக் கடையனாக என்னை வைத்துவிடமாட்டாயா! பின்வந்த நூற்றாண்டுகளில் புல் மூங்கிலாயிற்று. நாய் துவளும் இளமேனியாயிற்று. உருவம் மாறினாலும் உள்ளிருக்கும் குழைவு மாறவில்லை. குழைவே சிரிப்பு! குழைவே பக்தி!

யுன்சியிலிருந்து லிங்யின் ஆலயத்துக்கு வந்தேன். அதன் எதிரே நிற்கும் குன்றின் பெயர் ஃபெய்லாய் ஃபெங், பறந்து வந்த சிகரம். சுற்றிலும் மணற்கல் மலைகள் சூழ்ந்திருக்க, இது மட்டும் குடைவுகளும் குகைகளும் நிறைந்த சுண்ணாம்புக் கல். 4ஆம் நூற்றாண்டில் நம் பாரத தேசத்திலிருந்து வந்த ஹுய்லி என்ற துறவி இதைக் கண்டதும் திகைத்து நின்றாராம். இது மகத நாட்டுக் கிருத்ரகூடத்தின் கொடுமுடி அல்லவா, எப்போது இங்கே பறந்து வந்தது என்று கேட்டாராம். ஊரார் நம்பவில்லை. அந்தச் சிகரத்துக் குகையில் வாழ்ந்த குரங்கு இங்கேயும் இருக்கும் என்று அவர் குரல் கொடுக்க, குகையிலிருந்து குரங்கு துள்ளி வந்ததாம்! அவர் நினைவாக எழுந்த கல் தூபி இன்றும் மலையடியில் நிற்கிறது. நான் அந்தப் பாறையைத் தொட்டேன். குளிர்ந்திருந்தது. என் நெஞ்சு கொதித்தது.

கிருத்ரகூடம்! எந்தக் கிருத்ரகூடம்? பெரிய சபை கூடியிருக்க, பேசவேண்டிய புத்தர் பெருமான் பேசாமல் ஒரு மலரை மட்டும் எடுத்துக் காட்டினாரே, அந்தக் கிருத்ரகூடம்! எல்லோரும் வாயடைத்திருந்த வேளையில் மகாகாசியபர் ஒருவர் முகம் மட்டும் அவிழ்ந்து முறுவலித்ததே, அந்தக் கிருத்ரகூடம்! சீனத்துத் தியான மரபு தன் பரம்பரை முழுவதையும் அந்த ஒற்றை முறுவலிலிருந்து தொடங்குகிறது. இதே ஹாங்சோவில் பிறந்த வூமென் ஹுய்காய் என்னும் ஆசான், 1228இல் தொகுத்த 'வாயிலற்ற வாயில்' நூலில் அந்தக் கதையை ஆறாவதாய் வைத்தார். அங்கேயும் என் பத்துக் கோடுகள்! சாஸ்திரம் கைமாறவில்லை. மந்திரம் கைமாறவில்லை. மலர் ஒன்று உயர்ந்தது, முகம் ஒன்று மலர்ந்தது. அந்த இமைப்பொழுதில் அனைத்தும் கொடுக்கப்பட்டு, அனைத்தும் பெறப்பட்டு, கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே நகையாகி நின்றார்கள். பார்த்துக்கொண்டிருந்த மலைக்கு எப்படி இருப்புக் கொள்ளும்? சிறகில்லாமலே பறந்தது! கடலையும் காட்டையும் கடந்து, அந்த நகையைச் சுமந்துகொண்டு, இந்த ஏரிக்கரையில் வந்து இறங்கியது!

சுமந்து வந்ததை மலை மறைத்து வைக்கவில்லை. ஓடையோரமாய் நடந்து சென்றேன். பாறை முகத்தில், அதோ! தென்சோங் காலத்துச் சிற்பிகள் செதுக்கிய, வரப்போகும் புத்தராம் மைத்திரேயர்! பறந்து வந்த சிகரத்தின் நூற்றுக்கணக்கான திருவுருவங்களுள் மிகப் பெரியவர். பதினெட்டு அருகதர்கள் புடைசூழ, மார்பும் வயிறும் திறந்து கிடக்க, ஒரு கை துணிப்பையின் மேல் சாய, மறு கை ஜபமாலையைப் பற்ற, காது தோளைத் தொட, கன்னம் உருண்டு திரள, அவர் சிரிக்கிறார். கல் சிரிக்கிறது! நூற்றாண்டுகளின் மழை வழிந்தோடிய கல், பாசி படர்ந்த கல், ஈரம் கசியும் கல் சிரிக்கிறது! கல்லையே கனிய வைத்தவனே, என் நெஞ்சு எம்மாத்திரம்? என் முழங்கால்கள் தாமாக மடிந்தன. என் நெற்றி தானாகத் தரையைத் தேடியது. அழுதேனா, சிரித்தேனா, அறியேன். அருகில் இருந்த சீனத்துப் பாட்டி ஒருத்தி, கையில் எரியும் ஊதுவத்தியோடு, என்னைப் பார்த்துச் சிரித்தாள். பல்லில்லாத அந்த வாயில் பரமனே அல்லவா பூத்தான்!

அந்தச் சிரிப்புக்கு உரியவர் வீதிகளில் நடந்தவர். சேஜியாங் மாநிலத்து ஃபெங்ஹுவாவில், 10ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை வாழ்ந்த சிசி என்னும் பிக்ஷு. கோலின் நுனியில் ஒரு துணிப்பை. அதனால் புதாய், துணிப்பைச் சாமியார் என்றே ஊர் அழைத்தது. கிடைத்ததை வாங்குவார், கொஞ்சம் உண்பார், கொஞ்சம் பைக்குள் போடுவார். பனியில் படுத்துறங்கினாலும் அவர் மேல் பனி படியாதாம். அவர் ஈரச் செருப்போடு விரைந்தால் மழை வருமாம். உயர்ந்த மரப் பாதுகையோடு பாலத்தின் மேல் முழங்காலை உயர்த்திப் படுத்துறங்கினால் வெயில் காயுமாம். யுவேலின் ஆலயத்தில் ஒரு கல்லின் மேல் அமர்ந்து அவர் கண்மூடிய வேளையில் சொல்லிச் சென்ற வாக்கினால்தான், வீடு வீடாய்க் கையேந்தியவர் மைத்திரேயர் என்று உலகம் அறிந்தது. அறிந்தபோது அவர் இல்லை. ஐயோ! எத்தனை வாசல்கள் அவரைத் திருப்பி அனுப்பியிருக்கும்! திருப்பி அனுப்பிய வாசலிலும் அவர் சிரித்துவிட்டுத்தானே போயிருப்பார்!

சீனத்துப் பேராலயங்களுள் நுழையும் எவருக்கும் முதல் தரிசனம் இந்தச் சிரிப்புதான். நான்கு திசைகளையும் காக்கும் தேவராசர் மண்டபத்தின் நடுவே, வாசலைப் பார்த்தபடி அவர் வீற்றிருப்பார். வருகிறவன் வாய் திறந்து முறையிடுமுன் வரவேற்று விடுவார். லிங்யின் ஆலயத்தில் அவரை வலம்வந்து பின்புறம் சென்றேன். சென்றவன் உறைந்து நின்றேன். அவருக்கு முதுகு காட்டி, உள் ஆலயத்தை நோக்கி, கவசமும் தலைச்சீராவும் பூண்டு, படைக்கலம் ஏந்தி நின்றார் வெய்துவோ. தென்சோங் காலத்தில் ஒரே கற்பூர மரத்தில் செதுக்கிய திருமேனி. நம் ஸ்கந்தனே பௌத்தத்தின் வழியாய்ச் சீனம் சென்று வெய்துவோ ஆனான் என்று அறிஞர் பலர் சொல்கிறார்கள். கந்தா! கற்பூரமாய் மணந்து நிற்கிறாயா இங்கே? சிரிப்பின் முதுகுக்குப் பின்னே சேவகனாய், வாடாத இளமையோடு, உறங்காத விழியோடு நீயா நிற்கிறாய்? முன்னே அபயம், பின்னே ஆயுதம்! முன்னே குழைவு, பின்னே உறுதி! அன்பின் சிரிப்புக்கு வீரம் காவல் நிற்கும் அந்த மண்டபத்தில், என் பிறந்த மண்ணின் தெய்வமும் நான் தேடிவந்த தெய்வமும் முதுகோடு முதுகு சேர்த்து நின்றதைக் கண்ட பிறகு, எனக்கு அந்நியமான தெய்வம் என்று எதைச் சொல்வேன்!

லூ மலையின் துங்லின் ஆலயத்துக் கதை ஒன்று அப்போது என் நாவில் தித்தித்தது. ஹுய்யுவான் என்னும் மகான் (334–416) விருந்தினரை வழியனுப்பும்போது புலியோடையைத் தாண்டுவதில்லை என்று விரதம் பூண்டிருந்தார். கவிஞர் தாவ் யுவான்மிங்கும், தாவ நெறித் துறவி லூ ஷியூஜிங்கும் வந்திருந்த நாளில், பேச்சின் இனிமையில் மூவரும் மெய்மறந்து நடந்தார்கள். புலி உறுமிற்று. திரும்பிப் பார்த்தால் ஓடை பின்னால் கிடக்கிறது! விரதம் போயிற்று. மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள், சிரித்தார்கள், மலை எதிரொலிக்கச் சிரித்தார்கள்! காலக்கணக்குக்கு ஒத்துவராத கதை. காதல் கணக்குக்கோ இதைவிட ஒத்த கதை இல்லை. சீன ஓவியர்கள் தலைமுறை தலைமுறையாய் இதைத் தீட்டிக் களித்தார்கள். நெறிகள் மூன்று, சிரிப்பு ஒன்று! என் எல்லை, என் கொள்கை, என் ஒழுங்கு என்று நான் கிழித்த கோடுகளையெல்லாம் நானறியாமலே தாண்ட வைக்கும் தோழமையே, வா! உன்னோடு பேசிக்கொண்டே நடந்து என்னை நானே தொலைத்துவிட வேண்டும்.

மைத்திரேயர் இனிமேல் வரப்போகிற புத்தர் என்பார்கள். மைத்திரியே உருவான அவர் துஷித உலகில் காத்திருக்கிறார் என்பார்கள். வரப்போகிறவருக்கு இப்போதே ஏன் இத்தனை சிரிப்பு? நாம் வானத்தைப் பார்த்துக் காத்திருக்க, அவர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நம் வாசலிலேயே நின்றுகொண்டிருக்கிறாரே, அந்த விளையாட்டை எண்ணித்தான் சிரிக்கிறார்! நானும் இனிக் காத்திருக்க மாட்டேன். சந்தையில் பேரம் பேசிச் சிரிக்கிறவள், தொட்டிலில் காரணமின்றிச் சிரிக்கிற குழந்தை, என்னை எள்ளிச் சிரிக்கிறவன், நோயின் நடுவிலும் என்னைத் தேற்றச் சிரிக்கிறவர்: ஒருவரையும் விடமாட்டேன், ஒவ்வொருவர் முன்னும் தலை தாழ்த்துவேன். எந்த முகத்தில் நீ இருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. ஆகையால் எல்லா முகமும் எனக்குச் சந்நிதி! வா, பெருமானே! பையோடு வா, மலரோடு வா, புயலாய் வா. என்னிடம் உள்ளதையெல்லாம் உன் பைக்குள் போட்டுக்கொள். கடைசியாய் மிஞ்சுகிற இந்த 'நான்' என்பதையும் போட்டுக்கொண்டு, வாய்விட்டுச் சிரி! உரக்கச் சிரி!